சி டிரைவில் இடமில்லை

ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் சித்தப்பா எனக்கு ஒரு கார் பந்தய விளையாட்டு வாங்கி வந்தார். பண்ருட்டிக்கு ஏதோ வேலையாகப் போனவர், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் பார்த்ததாகச் சொல்லி, இரண்டு சிடிகள் அடங்கிய டப்பாவை என்னிடம் நீட்டினார். நான் அதை அன்று தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கம்மாபுரம் பக்கத்து ஊரிலிருந்து வந்து, நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸிலேயே தங்கியிருந்தார். அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட், சித்தப்பா அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். இரண்டு பேர் சட்டையிலும் ஒரே கரிதான் படிந்தது, அம்மா இரண்டையும் ஒரே வாளியில்தான் ஊறவைத்தாள். ஆனாலும் அந்த இரண்டு சொற்களும் வேறு வேறு என்பது டவுன்ஷிப்பில் பால் பல் விழுந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். எப்படி வேறு என்று கேட்டால் மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கம்ப்யூட்டர் ஹாலில், அம்மாவின் பழைய புடவைத் துண்டைப் போர்த்திக்கொண்டு இருந்தது. சித்தப்பா சிடியை விளிம்பில் பிடித்து, சூடத்தட்டு ஏந்துகிற பக்தியோடு உள்ளே வைத்தார். திரையில் பச்சைப் பட்டை நகர ஆரம்பித்தது. நானும் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். முக்கால் தூரம் போனதும் நின்றது. 'டிங்' என்று ஒரு சத்தம், ஆங்கிலத்தில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். மூன்று முறை போட்டோம். மூன்று முறையும் அதே இடத்தில் நின்றது.

சித்தப்பா ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவர். ஓடுகிற யந்திரம் நின்றால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும் என்பது அவர் கணக்கு: அழுக்கு, அல்லது கிரீஸ் இல்லாமை. கம்ப்யூட்டருக்குக் கிரீஸ் போட முடியாது என்பதால் அழுக்கு என்று முடிவு செய்தார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, சைக்கிள் பம்பால் உள்ளே காற்றடித்தார். உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு புகை கிளம்பி, அம்மா அப்போதுதான் மடித்து வைத்திருந்த துணிகள்மேல் போய் உட்கார்ந்தது.

"ஏற்கெனவே தெனம் ஒரு மைன்ஸையே இந்த வூட்லேர்ந்து கூட்டிப் பெருக்கிகினு இருக்கேன். இதுல இது வேறயா?" என்றாள் அம்மா.

தூசி போன பிறகும் பட்டை அதே இடத்தில் நின்றது. அப்பாவின் மூக்குக் கண்ணாடித் துணியால் சிடியைத் துடைத்தோம். அதன் பிறகும் நின்றது. கடைசியில்தான், திரையில் வந்த அந்தப் பெட்டிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கலாம் என்ற யோசனை எங்களுக்கு வந்தது.

படிக்கும் பொறுப்பு என்னுடையது, நான் இங்கிலீஷ் மீடியம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். போதுமான 'ஸ்பேஸ்' இல்லை என்று சொல்லியிருந்தது. அந்த வருடம்தான் அறிவியல் புத்தகத்தில் ஸ்பேஸ் என்றால் சூரியனும் கோள்களும் இருக்கிற விண்வெளி என்று படித்திருந்தேன். படமும் வரைந்திருந்தேன். கொஞ்சமும் தயங்காமல், "ஆகாயத்துல ஏதோ சரியில்லையாம் சித்தப்பா" என்றேன்.

சித்தப்பா வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். கோடை மழைக்கு மூட்டம் போட்டிருந்தது. எங்கள் வீட்டு டிவியிலும் மேகம் கூடினால் படம் நின்றுவிடும்.

"அதான பாத்தேன். வானம் தெளியட்டும் பாப்பா, அப்பறம் போட்டுக்கலாம்" என்றார்.

இப்படி ஒரு நாள் முழுவதும் மேகம் கலைவதற்காகக் காத்திருந்தோம். கலைந்தது. சுட்டெரிக்கிற வெயிலிலும் பட்டை அதே இடத்தில் நின்றது.

மறுநாள் சித்தப்பா வேலையிடத்தில் விசாரித்துக்கொண்டு வந்தார். "வானமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கம்ப்யூட்டர் வயிறு ரொம்பிகினு கெடக்குதாம். உள்ள இருக்கிறதுல எதுனா எடுத்துப் போட்டாதான் புதுசு எறங்குமாம்" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் கேலி செய்யாமல் கம்ப்யூட்டர் மேலிருந்த புடவைத் துண்டை விலக்கினார்.

அப்பா செகண்ட் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நாங்கள் சி டிரைவைத் திறந்து எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். என் ஓவியங்கள், அப்பாவின் பக்திப் பாட்டுகள், எல்லாமே சின்னச் சின்னது. பெரியதாக இருந்தது ஒரே ஒரு ஃபோல்டர். சித்தப்பாவின் நிச்சயதார்த்த வீடியோ.

நிச்சயதார்த்தம் தை மாதத்தில் நடந்தது. எனக்கு நீலப் பாவாடை எடுத்தார்கள். கல்யாணம் வைகாசியில் என்றார்கள். அதன் பிறகு ஒரு நாள் பெரியவர்கள் ஹாலில் மெதுவான குரலில் பேசினார்கள். அன்றிலிருந்து கல்யாணத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. கேட்டால் அம்மா கண்ணை உருட்டினாள். நானும் மறந்துபோனேன்.

சித்தப்பா அதைத் திறந்தார். மொடமொடக்கும் சட்டையில் அவர் நின்றுகொண்டிருந்தார். நான் லட்டோடு குறுக்கே ஓடினேன். அன்றைக்கு எல்லோரும் என்னைச் 'சித்தி' என்று கூப்பிடச் சொன்ன அந்த அக்கா, ஓடிய என்னைப் பிடித்து நிறுத்தி, அவிழ்ந்த என் ரிப்பனைக் குனிந்து கட்டிவிட்டார். கட்டிவிட்டு, காமிரா பக்கம் பார்க்காமல், அதற்குச் சற்றுத் தள்ளி யாரையோ பார்த்துச் சிரித்தார்.

சித்தப்பா படத்தை மூடினார். "இதத் தூக்கிட்டா எடம் வருமா?" என்று கேட்டார்.

"நான் இருக்கேன் அதுல" என்றேன், கொஞ்சம் வருத்தமாக.

"நீதான் இங்கியே எதிர்ல உக்காந்துகினு இருக்கியே."

சாதாரணமாக அழித்தால் குப்பைக் கூடையில் போய்க் கிடந்து இடத்தை அடைக்கும், கீபோர்டில் ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு அழித்தால்தான் அடியோடு போகும் என்று பள்ளி லேபில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆகாய விஷயத்தில் போன மானத்தை மீட்க அது நல்ல சந்தர்ப்பம். சொல்லிக் கொடுத்தேன். அவரும் அப்படியே செய்தார். பர்மனென்ட்டாக அழித்துவிடலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் சித்தப்பா எழுத்துக் கூட்டாமல் படித்தார். "பர்மனென்ட்டுன்னு போட்டுருக்கு பாரேன்" என்று சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சிரித்து முடித்த பிறகும் அவர் கை மௌஸின் மேலேயே இருந்தது. விரல் அசையவில்லை. அம்மா வந்துவிட்டால் கறிவேப்பிலை ஆயச் சொல்வாள், விளையாட்டு நாளைக்குத் தள்ளிப் போகும். எதை அழுத்துவது என்று தெரியாமல் விழிக்கிறார் போல என்று நினைத்து, நானே கையை நீட்டி என்டரைத் தட்டினேன்.

இந்த முறை பட்டை கடைசி வரை போனது. இரண்டாவது சிடியைக் கேட்டது, கொடுத்தோம். கார்கள் உறுமிக்கொண்டு புறப்பட்டன. சித்தப்பாவின் கார் ஒவ்வொரு வளைவிலும் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. என்னைவிட அதிகமாக அவர்தான் சிரித்தார்.

பத்து நாள் கழித்து, காலையில் இட்லி வைத்துக்கொண்டிருந்த அம்மா சித்தப்பாவிடம், "விருத்தாசலம் பக்கம் ஒரு ஜாதகம் வந்திருக்குங்க தம்பி. போட்டோ கேக்குறாங்க. அந்த வீடியோவுல பளிச்சுனு இருப்பீங்களே, அதுலேர்ந்து ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்" என்றாள்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தேன்.

சித்தப்பா தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அது போயிடுச்சிங்க அண்ணி. கம்ப்யூட்டர் கெட்டுகினு கெடந்துச்சே, அப்பவே போயிடுச்சி. யாரும் ஒண்ணும் பண்ணல."

அம்மா அவர் கேட்காமலேயே இன்னும் இரண்டு இட்லி வைத்துவிட்டு உள்ளே போனாள். என்னைத் திட்டிலிருந்து காப்பாற்றத்தான் பொய் சொன்னார் என்று நான் உருகிப்போனேன். அன்று மாலை முதல் ஆட்டத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்த பிறகு கல்யாணத் தேதி குறிக்கலாம் என்று பெண்ணின் அப்பா சொல்லியிருக்கிறார். அந்த வருடப் பட்டியலில் சித்தப்பா பெயர் வரவில்லை. அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். நாலைந்து வருடம் கழித்து சித்தப்பாவும் பர்மனென்ட் ஆனார், கல்யாணம் செய்துகொண்டார். இப்போது இரண்டு பிளாக் தள்ளிக் குடியிருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். அந்த வீடியோவைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பது அந்த மதியம் சித்தப்பாவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அழுத்துவதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. அதுதான் எனக்குத் தெரியாமல் போனது.