காரிக்கு ஊற்றாத மருந்து

காளையிடம் விந்து எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. கல்யாண வீட்டில் யாராவது உத்தியோகத்தைக் கேட்டால் பந்திக்கு நழுவிவிடும் என் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். போடியில் நாங்கள் செய்த ஆய்வு இதுதான்: விந்துத் துளியில் தைராய்டு ஹார்மோனைக் கலந்தால், உயிரணுக்கள் அதை எவ்வளவு உள்ளே இழுத்துக்கொள்கின்றன?

கூச்சம்

பொட்டிபுரத்துச் சீனியம்மாளுக்குப் பிள்ளைகள் இல்லை; காரி என்கிற மலைமாட்டுக் காளைதான் உண்டு. அதோடு சேர்த்த பசுக்கள் கொஞ்ச காலமாகச் சினை பிடிக்கவில்லை. அடிமாட்டு வியாபாரி வாசலுக்கு வந்து வந்து போய்க்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் நாங்கள் ஜீப்பில் போய் இறங்கினோம்.

"இது வைத்தியம் இல்லம்மா, பரிசோதனைதான்" என்று முதலிலேயே சொன்னேன். தலையாட்டினார். எதிரே ஒரு பசுவைக் கட்டினோம். காரி அசையவில்லை. சீனியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அதட்டினார்: "ஆத்தா நிக்கிறேன்னு வெக்கப்படாதடா, வெரசா முடி, எனக்குச் சோலி கெடக்கு!"

பத்தியம்

ஒருவழியாகக் கிடைத்த துளியை நுண்ணோக்கியில் வைத்தபோது, காரியின் உயிரணுக்கள் பெரும்பாலும் அசையாமல் கிடந்தன. ஹார்மோன் கலந்த குழாயில் மட்டும் கொஞ்சம் துள்ளின. சந்தோஷத்தில் அதைச் சீனியம்மாளிடம் சொன்னேன். குழாயில் மட்டும்தான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் முதல் பாதியை வைத்துக்கொண்டு வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை போனபோது காரிக்கு விலா எலும்பு தெரிந்தது. மருந்து நன்றாகப் பிடிக்கட்டும் என்று பிண்ணாக்கை நிறுத்திப் பத்தியம் வைத்திருந்தார். நான் மறுபடி விளக்கினேன். அவர் சிரித்தார். திரும்பும் வழியில் டிரைவர் சொன்னார்: "நாம எடுத்துட்டுத்தாண்ணே போறோம், குடுக்க ஒண்ணும் கொண்டு வரலேன்னு அந்தம்மாவ யாரு நம்ப வைக்கிறது?"

போடிமெட்டு

ஆய்வு முடிந்தது. பசு வைத்திருப்பவர்கள் யாரும் காரியைத் தேடி வரவில்லை. தீவனத்துக்கு வழியில்லாமல், சீனியம்மாளே வியாபாரியைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்.

ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள் போகும் ஜீப்பில் நான் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். வளைவில் கேரளாவுக்கு அடிமாடு ஏற்றிப்போகும் ஒரு லாரி நின்றது. மேலே காரி. வழியில் யாரும் அடித்துவிடக் கூடாதென்று சீனியம்மாளும் கூடவே வந்திருந்தார். இறங்கிப் போனேன். சீனியம்மாள் கேட்டார்: "குழாய்க்குள்ள துள்ளுச்சுன்னு சொன்னீகள்ல அப்பு, அதுல ஒரு சொட்டு எங்காரிக்கும் ஊத்தியிருக்கக் கூடாதா?"

எங்கள் ஆய்வுக்கு நல்ல முடிவு வந்திருக்கிறதென்று அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.