திருப்பாத பக்கம்

சம்பா அறுவடைக்கு மெஷின் ஓட்ட பாபநாசம் வந்தவர் அவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். புருவமெல்லாம் வைக்கோல் தூசி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாய்க்கால் மதகில் என்னோடு உட்கார்ந்து வேதாகமத்தைத் திறப்பார். புதிதாக ஞானஸ்நானம் பெற்ற நான், 'முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி' என்ற வசனத்தை மடமடவென ஒப்பிப்பேன்.

அவர் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, தம்பிகிட்ட பேசிட்டீங்களா?"

தண்ணீர்த் தகராறில் தம்பியோடு பேசி நான்கு வருஷம் ஆகியிருந்தது.

"இன்னும் இல்லப்பா."

"சரிண்ணே, அடுத்த வாரமும் இதே பக்கத்தப் படிப்போம்."

ஆறு வாரம் அதே பக்கம். ஏழாவது வாரம் பேசிவிட்டேன். சொல்ல ஓடினேன், அறுவடை முடிந்து அவர் போயிருந்தார். போன் நம்பரும் மாறிவிட்டது.

இப்போதெல்லாம் மெஷின் சத்தம் கேட்டால் தம்பியும் நானும் சேர்ந்தே வரப்பில் ஓடுகிறோம். ஓட்டுநர் இருக்கையில் ஒவ்வொரு முறையும் வேறு யாரோ.