ஜலால் பாயின் மருந்துப்பை

முதலியார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் ஜலால் பாய் வெளியூர் கிளம்பினால், துணிமணிக்கு முன்னால் மருந்துப்பையைத்தான் எடுத்துவைப்பார். காய்ச்சல் மாத்திரை, வாந்தி மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அடிபட்டால் சுற்ற பேண்டேஜ் என்று எல்லாம் அதில் இருக்கும்.

போன வருஷம் மனைவி ரமீஜாவோடு அஜ்மீருக்கு ரயிலேறினார். இரண்டாம் நாள் காலையில் ரமீஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னமோ அழுத்துதுங்க. இடது கையெல்லாம் வலிக்குது."

"கேஸா இருக்கும். வெறும் வயித்துல வடை தின்னியே" என்று பையைத் திறந்து நெஞ்செரிச்சல் மாத்திரையைக் கொடுத்தார். அவளும் நம்பி மென்றாள்.

பத்து நிமிஷத்தில் ஒரு பெரிய ஸ்டேஷன் வந்தது. ரயில் நின்று கிளம்பியது. ஜலால் இறங்கவில்லை. கையில் மருந்து இருந்ததால், டாக்டரைத் தேட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள், அவர் தோளில் சாய்ந்தபடியே ரமீஜாவின் உயிர் பிரிந்தது.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. "தெரிஞ்சா செஞ்சீங்க, அத்தா?" என்று மகள் ஸமீஹா அழுதாள்.

"வண்டி அங்க ரொம்ப நேரம் நின்னுதும்மா" என்றார் அவர்.

இந்த மே மாதம் ஸமீஹா பிள்ளைகளோடு ஊட்டிக்குக் கிளம்பினாள். ஜலால்தான் மருந்துப்பையைக் கட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காகிதத்தை வைத்தார். அதில் இப்படி எழுதியிருந்தார்: 'நெஞ்சு வலின்னா இதுல எதையும் தேடாத. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.'

ஸமீஹா அதைப் படித்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.