உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

புற்றுநோய் சிகிச்சையில் என் மனைவிக்கு முடி முழுக்கக் கொட்டிவிட்டது. மகளின் நிச்சயதார்த்தத்துக்காக விழுப்புரத்தில் ஒரு விக் வாங்கினேன். நீளத்தையும் பளபளப்பையும் பார்த்தேன், அவ்வளவுதான்.

"உள்தையலையும் திருப்பிப் பாருங்க சார்" என்றாள் கடைப்பெண்.

"உள்ள யாரும்மா பாக்கப் போறாங்க? ஜல்தியா பில் போடு" என்றேன்.

திண்டிவனம் மண்டபத்தில், மாப்பிள்ளையின் அம்மா ஆசையாக நாலு முழம் மல்லிகையை என் மனைவியின் தலையில் வைத்துவிட்டார். அது விக் என்று அவருக்குத் தெரியாது. தட்டு மாற்றும் நேரத்தில், பூவின் கனம் தாங்காமல் பின்னால் ஒரு கற்றை பிரிந்து தொங்கியது.

அந்த அம்மா பார்த்துவிட்டார். "உள்ள வாங்கக்கா, கொசுவம் அவுந்துக்கினு வருது" என்று சத்தமாகச் சொல்லி, அவளை அணைத்தபடி அறைக்குள் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

விக்கைக் கழற்றித் திருப்பினார். "தைக்கவே இல்லியேண்ணா, பசை போட்டு ஒட்டி வச்சிருக்கான்" என்றபடி ஊசி நூல் தேடினார். இறுகிப்போன பசை உரசி, என் மனைவியின் தலையெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"வலிக்குதுன்னு சொல்லக் கூடாதா?" என்றேன் அவளிடம்.

"ஆசையா வாங்கியாந்தீங்க" என்றாள்.

யாரும் பார்க்கப் போவதில்லை என்று நான் சொன்ன பக்கம்தான், காலையிலிருந்து அவள் தலையில் இருந்தது.