கிரேஸ் சிஸ்டர் மடியில் இருந்த எங்கள் போன்கள்

நம் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் முதலில் வருவது கிரேஸ் சிஸ்டரின் நகைச்சுவைதான். சென்ற புதன்கிழமையும் அவர் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. பழக்க தோஷம், நம்மில் மூன்று பேர் படிக்காமலேயே விழுந்து விழுந்து சிரிக்கும் மஞ்சள் முகத்தைப் பதிலாகப் போட்டுவிட்டோம். அதற்குப் பிறகுதான் படித்தோம். விடியற்காலை தூக்கத்திலேயே அம்மா போய்விட்டார் என்று அவருடைய மகள் எழுதியிருந்தார். பதறிப்போய் அந்த முகங்களை அழித்தோம். துக்கம் கேட்கப் போனபோது மன்னிப்பும் கேட்டோம். அதை எதற்கு அழித்தீர்கள், அம்மாவுக்கு அதுதானே பிடிக்கும் என்றார் மகள். சொல்லிவிட்டு அழுதார்.

நம் கூட்டத்தைப் பற்றி வெளியாட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ரத்ததான முகாம், கண் சிகிச்சை முகாம், பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர்த் தொட்டி என்று நாம் செய்வதெல்லாம் உண்மைதான். ஆனால் சனிக்கிழமை காலை ஓட்டல் மாடியில் கூடுவது முக்கியமாகச் சிரிக்கத்தான். இட்லி வருவதற்குள் ஆளுக்கொரு நகைச்சுவை சொல்ல வேண்டும். சிரிப்பு வரவில்லை என்றால் சொன்னவர் எழுந்து நின்று பாட வேண்டும். நம் தலைவர் முருகேசன் அண்ணாச்சி பாடிய பாட்டுக்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது கூசுகிறது.

அந்தச் சிரிப்புக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. உள்ளே நுழைந்ததும் போனை ஊமையாக்கி, எவர்சில்வர் குண்டானில் போட்டுவிட வேண்டும். குண்டான் சிஸ்டர் மடியில் இருக்கும். யாரும் தொடக் கூடாது. அவசர அழைப்பு வந்தால் அவரே எடுத்துப் பேசுவார். அரசு மருத்துவமனையில் நர்சாகத் தீக்காய வார்டைக் கட்டி ஆண்டவர், ஓய்வு பெற்றும் கண்டிப்பு போகவில்லை என்று நாம் கேலி பேசினோம். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு மணி நேரம் சிரிங்க. ஊரை நான் பாத்துக்கிறேன்" என்பார். அதையும் ஒரு நகைச்சுவை என்றுதான் வெகுநாள் நினைத்தேன்.

ஒருமுறை சங்கத்தின் ஆண்டு விழாவன்று, வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி ஒருவர் நம்மை அசத்துவதாக நினைத்து, ஓட்டல் வாசலில் ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டார். பட்டாசு ஊர்க்காரர்களுக்குப் பட்டாசுதானே பிடிக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார், பாவம். கோயில், கல்யாணம் என்றால் நமக்கு முன்பே தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் காலை நேரத்தில் சத்தம் வந்தால், ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் விபத்து என்று அர்த்தம். பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே பாய்ச்சலாகக் குண்டானுக்குள் கைவிட்டோம். அவரவர் கைக்கு அடுத்தவர் போன் வந்தது. அவரவர் வீட்டு எண் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த அதிகாரி, கையில் ஊதுபத்தியோடு, வெளிறிப்போய் வாசலில் நின்றார். சிஸ்டர் அவரைத் திட்டவில்லை. உட்காரவைத்து இட்லி வைத்தார். "ஊரு உலகத்துக்கெல்லாம் நாமதான் வெடி குடுக்கோம் தம்பி. ஆனா இங்கன சத்தம் கேட்டா மொதல்ல ஆளைத் தேடுவோம்" என்றார்.

இனி என் வீட்டுக் கதை. என் அச்சகத்தில் காலண்டர் போக, பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிளும் அடிக்கிறோம். லோடு ஆட்டோவில் கொண்டுபோய் இறக்குவது என் தம்பி ரஹீம். அது சீசன் உச்சத்தில் இருந்த சமயம். அன்று சனிக்கிழமை காலையிலேயே விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். இங்கே என் முறை வந்து, மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போன மாப்பிள்ளையைப் பற்றி ஒரு நகைச்சுவையைத் தொடங்கியிருந்தேன். சிஸ்டர் குண்டானுக்குள் குனிந்து பார்த்தார். ஒரு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அது என் போன் என்பதை நான் கவனிக்கவில்லை.

அழைத்தது என் மனைவி ஜெரினா. ரஹீம் லோடு இறக்கப் போன கம்பெனியில் வெடித்துவிட்டது, அவன் போனை எடுக்கவில்லை என்று அலறியிருக்கிறாள். சிஸ்டர் திரும்பி வந்து முருகேசன் அண்ணாச்சியின் காதில் ஏதோ சொன்னார். மறுபடியும் வெளியே போய்விட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்து, மாப்பிள்ளை கதை நன்றாக இருக்கிறது, இன்னொன்று சொல்லும் என்றார். எனக்கு ஒரே பெருமை. சொன்னேன். அவர் கைதட்டினார். இன்னும் ஒன்று கேட்டார். அவர் முகம் வேர்த்திருந்ததைக்கூட மின்விசிறி ஓடாததால் என்றுதான் நினைத்தேன். என் தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாத அந்த நேரத்தில், ஊரிலேயே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

சிஸ்டர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கிற பிடி. "ரஹீம் உசுரோட இருக்கான். மொதல்ல இதைக் கேட்டுக்கோங்க. வெடிச்ச சத்தத்துல காது அடைச்சுப்போச்சு, அதான் போன் அடிச்சது அவனுக்குத் தெரியல. உக்காருங்க, மத்ததைப் பெறகு சொல்றேன்" என்றார். காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்சிலேயே மருத்துவமனைக்கு வந்திருக்கிறான். வார்டில் இருந்த பழைய சிநேகிதி ஒருவர் அவன் முகத்தை நேரில் பார்த்துச் சொன்ன பிறகுதான் சிஸ்டர் உள்ளே வந்திருக்கிறார். அன்று வார்டுக்கு வந்த எல்லோரைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே எழுந்து ரத்தம் கொடுக்கப் போனார்கள்.

எனக்கு வந்த கோபம் லேசுப்பட்டதில்லை. என் தம்பி, என் போன், என் மனைவி. என்னிடம் மறைக்க நீங்கள் யார் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் அசையவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீக? பைக்கை எடுத்திருப்பீக. வெடிச்ச எடத்துல மறுபடி வெடிக்காதா? அண்ணனையும் தம்பியையும் நான் ஒரே வார்டுல பாக்கணுமா?" என்றார். அதன்பின் எத்தனையோ முறை இதே வழக்கை அவரிடம் கொண்டுபோயிருக்கிறேன். கெட்ட செய்தி என்றால் காலத்துக்கும் சுமக்கத்தானே போகிறீர்கள், கூடக் கொஞ்ச நேரம் சிரித்ததில் என்ன குறைந்துபோயிற்று என்பார். நான் ஒப்புக்கொண்டதே இல்லை. அவர் போன பிறகும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நொடியே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ரஹீமுக்கு இடது காது இன்னும் மந்தம்தான். சிஸ்டரை அடக்கம் செய்தபோது, கல்லறைத் தோட்டத்தில் சர்ச் ஐயர் ஜெபம் செய்துகொண்டிருக்கையில், என்ன சொல்கிறார் என்று என்னிடம் உரக்கக் கேட்டான். துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டரின் மகள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெட்டியை இறக்கியபோது ரஹீம் ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டு, நெடுநேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை. கூட்டத்தை நிறுத்திவைப்போமா என்று யோசித்தோம். சிஸ்டர் திட்டுவார் என்று நடத்தினோம். குண்டானை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது ஏனோ என்னிடம் தந்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டால் ஒரு நகைச்சுவையும் காதில் ஏறாது என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. எது அதிர்ந்தாலும் தொடையில் தெரிகிறது. நாம் சிரித்த சிரிப்புக்கெல்லாம் கூடச் சிரித்தாரே, அவர் அவற்றில் ஒன்றையாவது கேட்டிருப்பாரா என்று நினைத்துக்கொண்டேன்.

முருகேசன் அண்ணாச்சி எழுந்து தன் நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சரஸ்வதி அக்கா ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணாச்சியின் போன் அதிர்ந்தது. திரையில் அக்கா பெயர். நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. அந்த நொடியே உரியவர் கையில் கொடுக்க வேண்டும் என்று இத்தனை காலம் வழக்காடியவன் நான். அண்ணாச்சியைப் பார்த்தேன். சொல்ல வந்த நகைச்சுவைக்கு அவரே முதலில் சிரித்துக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே போய்விட்டேன்.

வராந்தாவில் நின்று பேசினேன். வரும்போது மல்லித்தழை வாங்கிவரச் சொல்லுங்கள் தம்பி என்றார் அக்கா. சரிக்கா என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கிரேஸ் சிஸ்டர் நமக்கெல்லாம் சிரிப்பை விட்டுவிட்டுப் போனார் என்று இரங்கல் கூட்டத்தில் பேசுவீர்கள். பேசுங்கள். எனக்கு அவர் விட்டுவிட்டுப் போனது அந்த வராந்தாவை. உள்ளே போய், போனைக் குண்டானில் போட்டுவிட்டு, அண்ணாச்சியின் நகைச்சுவை என்னவென்றே தெரியாமல் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன்.