பஸ்ஸில் ஏறிய ஐஸ் கட்டி

குழந்தைகளே, நான் எட்டாவதோடு நின்றவன். முட்டுக்காட்டுப் பக்கம் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுவது என் வேலை. மனைவிக்கு வேலை மதுராந்தகத்தில். ஒன்றாவது படிக்கும் மகளும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கூட்டம் முண்டியடிக்கும். அதனால் எனக்கு லீவு செவ்வாய்க்கிழமை. பள்ளி விட்டதிலிருந்து நான் பஸ் ஏறும் வரை, வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் அவளோடு.

ஒரு திங்கட்கிழமை போன் செய்தாள். "நைனா, நாளைக்கு கெட்டியான பொருள் ஒண்ணு எடுத்துனு வரணுமாம். எல்லாரும் கல்லு, பென்சிலுன்னாங்க. எங்க நைனா இம்மாம் பெரிய ஐஸ் கொண்டாரும்னு சொல்லிட்டேன்!"

வகுப்பில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு.

லீவுதான் என்றாலும் காலையில் வேலை செய்யும் இடத்துக்குப் போய், நல்ல கட்டியாக ஒன்றைப் பெட்டியில் வைத்தேன். வைத்த கை சும்மா இருக்கவில்லை. சுத்தியலை எடுத்து, தினமும் செய்கிற மாதிரியே நொறுக்கிவிட்டது.

"இன்னா மச்சான், உன் பொண்ணு இன்னா வஞ்சிர மீனா?" என்று கூட வேலை செய்பவர் சிரித்தபோதுதான் உறைத்தது. வேறு கட்டி எடுப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. நொறுக்கிய ஐஸ் சீக்கிரம் கரையும். அது எனக்குத் தெரியாதா?

மூன்று பஸ் மாறி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளி வாசலில் பெட்டியைத் திறந்தேன். தண்ணீர்தான் இருந்தது. மகள் எட்டிப் பார்த்தாள். முகம் சுண்டிப் போயிற்று. பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியிலேயே நின்றேன்.

நான்கு மணிக்கு ஓடி வந்தாள். "டீச்சர் கேட்டாங்க நைனா, இது இன்னாதுன்னு. முட்டுக்காட்டுல ஏறும்போது திடம், இங்க எறங்கும்போது திரவம்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க! அப்புறம் அந்தத் தண்ணியத் தொட்டு தரையில கை அச்சு வெச்சோம். கொஞ்ச நேரத்துல கை காணோம். ஆவியாயி காத்துல கலந்துடுச்சாம்."

"உனக்குக் கோவம் இல்லியா?"

"இருந்துச்சு. அடுத்த வாட்டி ஒடைக்காம எடுத்துனு வா."

அன்று நான் பஸ் ஏறும் நேரம், குழாயில் கையை நனைத்துக்கொண்டு வந்து என் சட்டையில் பச்சக்கென்று வைத்தாள். ஐந்து விரலும் அப்படியே பதிந்தன. ஜன்னல் காற்று படாமல் சட்டையைப் பொத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். செங்கல்பட்டு வருவதற்குள் காய்ந்துவிட்டது.

தண்ணீர் எங்கே போனது என்று என் மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆனாலும் முட்டுக்காடு வரும் வரை அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.