அரை மணி முன்னால் பிறந்த அக்கா

கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது என்று வீட்டில் அடித்துச் சொன்னவன் நான். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

எண்பதுகளின் கடைசி. கோலாலம்பூரில் படித்துவிட்டு, சுங்கை பட்டாணியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்திருந்தேன். ஜாதகம் கணிக்கும் புரோகிராம் எழுதச் சொன்னார் முதலாளி. புரோகிராமைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்து எழுதும், அப்போது புதிதாக வந்திருந்த ஆப்ஜெக்ட் முறையில் எழுதினேன். தேதி ஒரு ஆப்ஜெக்ட், நேரம் ஒரு ஆப்ஜெக்ட். தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். மலேசிய நேரம் கிரீன்விச்சுக்கு எட்டு மணி முந்தியது என்று அதற்குள் ஒரே வரியில் எழுதி மூடினேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் எடுத்தது அக்காவின் ஜாதகம். செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். முப்பதை நெருங்கும்போதுதான் பாக்கார் ஆராங்கிலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் செவ்வாய் ஏழாமிடத்தில் நின்றது; செவ்வாய் தோஷம். அப்பாவின் பழைய நோட்டில் ஆறாமிடம்.

"நோட்டுல தோஷம் இல்லயேப்பா?" என்றார் அப்பா.

"அது கையால போட்டது. மெஷின் பொய் சொல்லாது."

தோஷத்தை மறைத்துக் கட்டிக்கொடுக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. என் தாளையே அனுப்பினார். வரன் நின்றுபோனது. மறுநாள் விடியலில் அக்கா வழக்கம்போல மரம் வெட்டப் போனாள்.

நாலு மாதம் கழித்துக் கடைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். ஐந்து வயது மகனின் ஜாதகம் கோயிலில் எழுதியதோடு அப்படியே பொருந்தியது. அவர்கள் இருவருடையதும் அவர்களின் பழைய ஜாதகங்களோடு ஒத்துப்போகவில்லை. பெரியவர்களுக்கு மட்டும் ஏன்? மூவரும் பிறந்த வருஷங்களைப் பார்த்தேன். எண்பத்திரண்டு புத்தாண்டுக்கு முன்பு நம் நேரம் எட்டு மணி இல்லை, ஏழரை. அன்றைக்கு நாடே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. எங்கள் வீட்டுக் கடிகாரத்தின் முள்ளைத் தள்ளியதே நான்தான். நான் ஏறி நின்ற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது அக்கா.

என் புரோகிராம் அவளை அரை மணி முன்னால் பிறக்க வைத்துவிட்டது. திருத்த இரண்டு வரி போதும். எட்டா ஏழரையா என்று தேதியிடமே கேட்கச் சொன்னேன். அக்காவின் செவ்வாய் ஆறாமிடத்துக்குப் போய்விட்டது. புதுத் தாளைப் பிரிண்டரிலிருந்து கிழித்தெடுத்துக்கொண்டு பாக்கார் ஆராங்குக்கு ஓடினேன்.

"என் தப்பு ஆன்ட்டி. அக்காவுக்குத் தோஷம் இல்ல," என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் கெஞ்சினேன். வெட்கமில்லாமல் அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"பண்டார் பாருல பொண்ணு பாத்து, போன வாரம் பரிசம் போட்டாச்சு தம்பி. இப்ப வந்து சொன்னா எப்படிலா?"

பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். அக்கா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் படித்தாள்.

"அப்பா நோட்டுல இருந்ததுதானே இது?"

"ஆமாக்கா."

அவள் என்னை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். தாளை நாலாக மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"அப்பாகிட்ட சொல்லாத. தோஷத்த மறைக்காம ஜாதகம் குடுத்தோம்னு நெனச்சுத்தான் அவரு நிம்மதியா தூங்குறாரு."